இறால் பையோடு வந்தது

எங்கள் வீட்டில் ஒரு பேத்தை மீன் இருக்கிறது. பச்சை முதுகில் கரும்புள்ளி, எப்போதும் கடன்காரனைப் பார்ப்பதுபோல ஒரு முறைப்பு. பேத்தைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டோடு எதையாவது கடித்துத் தேய்த்துக்கொள்ளாவிட்டால் ஒரு கட்டத்தில் அதனால் சாப்பிடவே முடியாது. அதனால் நத்தையும் இறாலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நத்தை வீட்டிலேயே பெருகுகிறது. இறாலுக்கு மட்டும் பத்து நாளைக்கு ஒருமுறை இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் நார்த் பக்கம் போய், தீனிக்கென்று விற்கும் சின்ன இறால் ஒரு பை வாங்கி வருவேன்.

இந்த ஜனவரியில் அப்படி வந்த ஒரு பையின் அடியில் அது இருந்தது. இறால்கள் எல்லாம் மேலும் கீழும் அலைய, இது மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தது. மீன் உட்காருமா என்றால், இந்த வகை உட்காரும். மார்புத் துடுப்பு இரண்டையும் ஊன்றி, தலையை லேசாகத் தூக்கி, திண்ணையில் இருக்கும் பெரியவர் மாதிரி. நீளம் இரண்டு சென்டிமீட்டர் தேறும். நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நார் ஊறிய தண்ணீரின் பழுப்பு, பக்கவாட்டில் மங்கலாக ஐந்தாறு திட்டுகள், தலையின் உச்சியில் தவளைக்கு இருப்பதுபோல இரண்டு கண்.

பேத்தைக்குப் போட மனம் வரவில்லை. சும்மா கிடந்த இருபது லிட்டர் தொட்டியில் விட்டேன். விட்ட ஐந்தாவது நிமிடம் முதல் கேள்வி வந்துவிட்டது: இதற்கு உப்பு வேண்டுமா, வேண்டாமா?

மீன் வளர்க்காதவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இது அடித்தரையில் உட்காரும் 'கோபி' (goby) என்ற மீன் கூட்டத்தைச் சேர்ந்தது போலத் தெரிந்தது. இந்தப் பகுதியின் சின்னக் கோபிகளில் சில மலையோர ஓடையில் இருக்கும், சில கழிமுகச் சேற்றில் இருக்கும், சில இரண்டுக்கும் போய்வரும். முதல் வகைக்கு உப்புப் போடுவதும், இரண்டாம் வகையை வெறும் குழாய்த் தண்ணீரில் வைப்பதும் நாள்பட்ட தண்டனை. கடையில் கேட்டேன். எங்கே பிடித்த இறால் இது, அங்கிள்? "மலேசியா லா" என்றார். மலேசியாவில் எங்கே? கையை வடக்குப் பக்கமாக ஆட்டினார். சரி, ஜொகூர் பாலத்துக்கு அப்பால் எங்கோ ஒரு தண்ணீர்.

ஊர் தெரியவில்லை என்றால் பெயரைக் கண்டுபிடித்து, பெயரிலிருந்து தண்ணீருக்குப் போக வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தது.

கடைப் பலகையில் எழுதியிருக்கும் பெயரை நம்பும் காலம் எனக்கு ஏற்கெனவே போய்விட்டது. அதற்குக் காரணம் 'பம்பிள்பீ கோபி' என்று விற்கும் மஞ்சள் கறுப்புப் பட்டை மீன். சில வருடங்களுக்கு முன் ஆறு வாங்கினேன். பலகையில் 'ஸான்தோசோனஸ்' என்று இருந்தது. மஞ்சள் கச்சை என்று பொருள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. படித்துப் பார்த்தால், டச்சு மீனியலாளர் பிளீக்கர் 1849இல் ஜாவாவிலிருந்து விவரித்த அந்த மீன் நுண்ணிய செதில்கள் நிறைய உள்ள வேறு ஒன்று. இன்று அதை ஹைப்போகிம்னோகோபியஸ் என்று தனிப் பேரினத்திலேயே வைத்திருக்கிறார்கள். கடைகளில் அது வருவது மிக அரிது. அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி, குந்தர் 1868இல் சராவாக் மீன்களைக் கொண்டு விவரித்த 'டோரியே' என்ற மீனோ அதன் உறவோ. அந்தக் கூட்டத்திலும் சபாவின் கபிலி ஆற்றுப் பெயர் கொண்ட கபிலியென்சிஸ், ஜொகூரிலிருந்து 1937இல் ஹெர் என்ற மீனியலாளர் விவரித்த ஸான்தோமேலாஸ், 2000ஆம் ஆண்டு பெயர் பெற்ற மேகாங் சிற்றினம் என்று வரிசை நீள்கிறது. எல்லாம் மஞ்சள், எல்லாம் கறுப்பு, எல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. "இவற்றுக்கெல்லாம் உப்புப் போடு" என்று ஒரு கூட்டமும், "போடாதே" என்று ஒரு கூட்டமும் பல வருடங்களாகச் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே மீன்தானா என்று யாரும் முதலில் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது என்னிடம் இருந்ததோ பட்டையும் இல்லாத, பலகையும் இல்லாத மீன்.

முதல் படி சுலபம். இரண்டு முதுகுத் துடுப்பும் அடி மண்ணில் உட்காரும் பழக்கமும் கோபிகளுக்கு மட்டும் உரியவை அல்ல, 'ஸ்லீப்பர்' எனப்படும் எலியோட்ரிட் குடும்பத்து மீன்களும் அப்படித்தான். வித்தியாசம் வயிற்றுப் பக்கம் இருக்கிறது. ஸ்லீப்பருக்கு இடுப்புத் துடுப்புகள் தனித்தனி. பெரும்பாலான கோபிகளுக்கு அவை இரண்டும் இணைந்து ஒரு கிண்ணம் போல ஆகிவிடும். ஓட்டத்தில் அடித்துப் போகாமல் கல்லில் ஒட்டிக்கொள்ள அந்தக் கிண்ணம். மூன்றாம் நாள் இரவு என் மீன் தொட்டியின் முன் கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டது. கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் படம் எடுத்தேன். நடு வயிற்றில் வட்டமாக, தெளிவாக, ஒற்றைக் கிண்ணம். கோபிதான்.

கோபி என்று தெரிந்துகொள்வது, ஒருவரைத் தமிழர் என்று தெரிந்துகொள்வது மாதிரி. உலகில் கிட்டத்தட்ட 2000 கோபிகள் இருக்கின்றன. கடல்வாசிகளைக் கழித்துவிட்டு, தீபகற்ப மலாயாவின் தென்முனையில் நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ்கிற, இறால் வலையில் சிக்கும் அளவு சிறியவை என்று சுருக்கினாலும் கையில் ஒரு பட்டியல் மிஞ்சுகிறது.

கண்ணாடிக் கோபி முதலிலேயே போயிற்று. கோபியோப்டெரஸ் என்ற அந்தப் பேரினத்தின் மீன்களுக்கு உடம்பு கண்ணாடி, உள்ளே காற்றுப்பை வெள்ளிக் குமிழாகத் தெரியும். அவை கூட்டமாக நடுத்தண்ணீரில் மிதக்குமே தவிர இப்படிக் குந்தியிருக்காது. என் மீனுக்குள் எதுவும் தெரியவில்லை.

ரெடிகோபியஸுக்கு உடம்பு பக்கவாட்டில் தட்டி, முதுகு உயர்ந்து இருக்கும். அதுவும் இல்லை. மூகிலோகோபியஸ் கொஞ்சம் தொல்லை கொடுத்தது. அலையாத்தி வேர்ச் சேற்றில் இருக்கும் தடித்த தலை மீன்கள் அவை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர அருங்காட்சியகத்தில் பல காலம் மீன் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஹெலன் லார்சன் 2001இல் அந்தப் பேரினம் முழுவதையும் ஒரு தடித்த புத்தக அளவுக்கு ஒழுங்குபடுத்தியிருக்கிறார். இந்த வட்டாரத்துச் சின்னக் கோபி எதைத் தேடினாலும் ஏதோ ஒரு திருப்பத்தில் அந்த அம்மையாரைச் சந்திக்காமல் போக முடியாது. அவருடைய படங்களோடு ஒப்பிட்டதில் என் மீனின் தலை போதுமான அளவு மொத்தை இல்லை என்று முடிவு செய்தேன்.

ரைனோகோபியஸ் கியூரினஸ் என்று ஒன்று. ஜப்பான், தைவான், சீனப் பக்கத்து மீன், மனிதர் கைப்பட்டுச் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களுக்கு வந்து நிலைத்துவிட்டது. அதன் கன்னத்தில் புழு ஊர்ந்த தடம் போல வளைந்த கோடுகள் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கன்னம் சுத்தம்.

மிஞ்சியவற்றில் எனக்குப் பிடித்துப்போனது சூடோகோபியஸ். வட்டமான மூக்கு, அதற்குக் கீழே அடங்கிய சின்ன வாய், பக்கத்தில் நடுக்கோட்டில் ஐந்து கருந்திட்டு. என் படங்களில் எல்லாம் இருந்தது, அல்லது இருப்பதாக நான் பார்த்தேன். அதோடு ஒரு கவர்ச்சியும் சேர்ந்தது. லார்சனும் மைக்கேல் ஹாமரும் 2021இல் இந்தப் பேரினத்தைத் திருத்தி எழுதி, ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் ஏழு புதிய சிற்றினங்களை ஒரே கட்டுரையில் அறிவித்திருந்தார்கள். ஏழு! இத்தனை நாளும் எல்லோர் கண்முன்னும் சேற்றில் உட்கார்ந்திருந்த மீன்கள். அதில் ஒன்று என் வீட்டு வரவேற்பறையில் இருக்கலாம் என்ற நினைப்பே போதையாக இருந்தது.

சூடோகோபியஸ் என்றால் கழிமுகம். கழிமுகம் என்றால் உப்பு. பேத்தைக்கு வாங்கிய கடலுப்பு வீட்டில் மூட்டையாக இருந்தது. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, அடர்த்தி 1.005 வரை ஏற்றினேன். தொட்டியின் பக்கத்தில் மார்க்கரால் 'சூடோகோபியஸ், உவர்நீர்' என்று எழுதி வைத்தேன். எழுதியபோது இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மார்ச்சில் அம்மா வந்தார். திருவாரூர்ப் பக்கம் வெண்ணாற்று வாய்க்கால் கரையில் வளர்ந்தவர். இங்கே இருக்கும் மூன்று மாதமும் தேக்கா சந்தையில் மீன்காரர்களிடம் மலாய் தெரியாமலே பேரம் பேசி ஜெயிப்பவர். ஓர் இரவு நான் விளக்கும் பூதக்கண்ணாடியுமாகத் தொட்டி முன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்னடா அது?"

"அதைத்தாம்மா ரெண்டு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன்."

குனிந்து ஐந்து விநாடி பார்த்தார். "இதுக்கா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கே? உளுவைக் குஞ்சு."

எனக்கு மூன்று இரவு எடுத்த முதல் படியை அம்மா ஐந்து விநாடியில் தாண்டிவிட்டார். உளுவை நம்மூர் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் இருக்கும் கோபி, ஒரு முழம் வரைகூட வளரும். ஸ்காட்லாந்து மருத்துவர் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி 1822இல் எழுதிய நூலில் கோபியஸ் கியூரிஸ் என்று பெயர் வைத்தது அதற்குத்தான். இன்று அது குளோசோகோபியஸ். இந்தப் பக்கத்திலும் குளோசோகோபியஸ் உறவுகள் உண்டு என்பதால் அம்மா சொன்னதைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. அதுவும் ஒரு நியாயமான வேட்பாளர்தான், நான் ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. 'குளோசோ' என்றால் நாக்கு. அந்தப் பேரினத்துக்கு நாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இரண்டு சென்டிமீட்டர் உயிருள்ள மீனின் நாக்கை எப்படிப் பார்ப்பது? அதற்குப் பதிலாகத் தாடையைப் பார்த்தேன். உளுவைக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், தலையும் நீண்டு தட்டையாக இருக்கும். என்னுடையதற்கு அப்படி இல்லை.

"இல்லம்மா, உளுவை ஜாதிதான், ஆனா உளுவை இல்ல."

"ஜாதி தெரிஞ்சா போதாதா? பெரிசானா கொழம்பு வைக்கப் போறியா என்ன?"

பெரிசாகாமலே குழம்பு வைப்பவர்களும் இருக்கிறார்கள் என்று அன்று அம்மாவிடம் சொன்னேன். பிலிப்பைன்ஸில் லூசோன் தீவின் பிகோல் பகுதியில் பூஹி ஏரி இருக்கிறது. அங்கே 'சினாராபான்' என்ற கோபி, 1902இல் அறிவியல் பெயர் பெற்றது. முழு வளர்ச்சி அடைந்தாலும் சென்டிமீட்டர் கணக்கில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதைத்தான் அங்கே அள்ளிச் சமைத்துத் தின்றார்கள். அதே தீவின் வடக்கே இலோகோஸ் கரையில், கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் கோபிக் குஞ்சுகளை வலைபோட்டுப் பிடித்து உப்பில் ஊறப்போடுகிறார்கள். மணிலாவுக்குப் பக்கத்து மலபோன் ஆற்றில் கிடைத்ததாக ஹெர் 1927இல் எழுதிய பண்டாக்கா பிக்மேயா இன்னும் சின்னது. பல பத்தாண்டுகள் உலகின் மிகச் சிறிய முதுகெலும்பி என்ற பட்டம் அதனிடம் இருந்தது. அம்மாவுக்கு இதில் எல்லாம் ஒரே ஒரு கேள்விதான்: "கொடல எப்படி எடுப்பாங்க?"

எடுக்க மாட்டார்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பியபின், ஜூலையில், ஒரு சனிக்கிழமை காலை தீனி போடும்போது தூக்கிவாரிப் போட்டது. மீன் தொட்டிக் கண்ணாடியில் தெரிந்த தன் நிழலைப் பார்த்து வாயைத் திறந்தது. திறந்தது என்றால் கொட்டாவி இல்லை. அந்தச் சின்னத் தலை முழுக்க வாயாகிவிட்டது. மூடியபின் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மேல்தாடையின் முனை கண்ணுக்கு நேர் கீழே இல்லை, கண்ணின் பின்விளிம்பையும் தாண்டிக் கன்னத்தின் பாதிவரை போயிருந்தது. ஜனவரிப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அப்போது வாய் கண்ணின் முன்பகுதியோடு நின்றுவிட்டது. அதே மீன்தான், தொட்டியில் வேறு மீன் இல்லை. ஆறு மாதத்தில் வாய் மட்டும் தன் போக்கில் வளர்ந்திருக்கிறது.

சூடோகோபியஸுக்கு இப்படி வாய் வராது. என் மார்க்கர் எழுத்து பொய்.

அன்று மதியச் சாப்பாட்டையும் மறந்து திரும்பப் படித்ததில் விடை ஒரே ஒரு விகுதி தள்ளி இருந்தது: சூடோகோபியோப்சிஸ். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள். சூடோகோபியஸ் என்ற பேரினத்தை 1922இல் ஏற்படுத்தியவர் கன்னா போப்டா. பெண்கள் மீனியலில் அரிதாக இருந்த காலத்தில் அங்கே மீன், தவளை, ஊர்வனச் சேகரிப்புகளைக் கவனித்தவர். சூடோகோபியோப்சிஸ் 1935இல் கூமன்ஸ் வைத்தது. முதலாவதற்குப் 'பொய்க்கோபி' என்று பொருள் கொண்டால், இரண்டாவது 'பொய்க்கோபி போலத் தோன்றுவது'. அதாவது, பெயரிலேயே எச்சரிக்கை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான்தான் உறையைப் பிரிக்காமல் கடிதத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் சூடோகோபியோப்சிஸ் ஒலிகாக்டிஸுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் 'பெருவாய் ஓடைக் கோபி'. ஆணுக்கு வயது வந்ததும் தாடை கண்ணைத் தாண்டி நீளும். பெண்ணுக்கும் குஞ்சுக்கும் அடக்கமான வாய்தான். ஜனவரியில் நான் பார்த்தது விடலைப் பருவமே வராத ஒரு பையனை. மீசையை வைத்து ஆளை அடையாளம் சொல்லும் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் அதைத் தேடியிருக்கிறேன்.

இங்கே எனக்கு அடையாளத் திறவுகோல்கள் மேல் ஒரு குறை உண்டு. தாவரமோ மீனோ, வகைப்படுத்தும் நூல்களில் அந்தத் திறவுகோல் இரண்டு இரண்டு கேள்வியாகப் போகும். இது உண்டா, இல்லையா? உண்டு என்றால் ஏழுக்குப் போ, இல்லை என்றால் எட்டுக்குப் போ. அழகான ஏற்பாடு. ஆனால் அது புட்டியில் கிடக்கும் மீனுக்காக எழுதப்பட்டது. செதிலை ஊசிமுனையால் எண்ணலாம், வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கலாம், பெரிய ஆணையே தேர்ந்தெடுத்து எடுக்கலாம். நம் தொட்டி மீன் வளர்ந்துகொண்டே இருக்கிறது, ஓடுகிறது, பயந்தால் நிறம் மாறுகிறது. "ஆணாக இருந்தால்" என்று ஒரு கேள்வி ஆரம்பிக்கும்போது, அது ஆணா என்பதே நமக்குத் தெரியாது. கோபிகளில் ஆண் பெண் சொல்ல ஒரு வழி இருக்கிறது. வயிற்றின் பின்கோடியில் இருக்கும் சின்ன முளை ஆணுக்கு ஒல்லியாகக் கூர்ந்தும், பெண்ணுக்குக் குட்டையாக மழுங்கியும் இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் குஞ்சில் அந்த முளையைத் தேடுவதைவிட நாக்கைத் தேடுவதே மேல்.

நூலோர்மீது முழுப் பழியும் போட முடியாது. பார்க்க ஒன்றுமே இல்லாத மீன்களில் அவர்கள் பார்க்க ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டும். மற்ற மீன்களுக்கு உடம்பின் பக்கத்தில் ஓடும் பக்கக்கோடு கோபிக்குக் கிடையாது. பதிலுக்குத் தலையில் நுண்துளைகளும், கன்னத்தில் வரிசை வரிசையாக உணர்முகைகளும் இருக்கின்றன. அந்த முகைகள் நெடுக்காக ஓடுகின்றனவா, குறுக்காகவா, துளை எங்கே எத்தனை என்பதெல்லாம்தான் பேரினத்தையே பிரிக்கிறது. பாடம் செய்த மீனுக்கு நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இந்த வேலையில் ஆழ்ந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் முன்னாள் பேரரசர் அகிஹிதோ. பட்டத்து இளவரசராக இருந்தபோதே, 1963இல், கோபிகளின் தோள்பட்டை எலும்பை வைத்து அவற்றை வகைப்படுத்தலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிறகு புதிய சிற்றினங்களை விவரித்தார். 2005இல் ஒரு பவளத்திட்டுக் கோபிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அரண்மனையில் இருந்தவருக்கும் கண்ணில் பட்டது ஒரு சேற்று மீன்தான் என்று நினைக்கும்போது என் இரவு நேரச் செலவுக்குக் கொஞ்சம் நியாயம் கிடைக்கிறது.

ஒலிகாக்டிஸ் என்ற பெயரை வைத்தவர் மறுபடியும் பிளீக்கர்தான், 1875இல். 'குறைந்த கதிர்' என்று பொருள், துடுப்புக் கதிர்களைச் சொல்கிறார். பிளீக்கர் டச்சுப் படையின் மருத்துவராக 1842இல் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, வந்தவர். 1860இல் திரும்பிப் போகும்வரை மீனவர்களிடமும் ஊர் ஊராக இருந்த சக மருத்துவர்களிடமும் மீன் வாங்கிக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களுக்குப் பெயர் வைத்த மனிதர். அவருக்கு ஊர் தெரியும். எந்தத் தீவில், எந்த ஆற்றில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருப்பார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு என் மீனுக்கு இருப்பது "மலேசியா லா".

பெயர் மாறியதும் தண்ணீரும் மாற வேண்டும். பெருவாய்க் கோபி நன்னீர் ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இருப்பது. இங்கே நீர்த்தேக்கம் என்பதற்கே ஒரு வேடிக்கையான அர்த்தம் உண்டு. சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களில் பல ஒரு காலத்தில் கழிமுகங்கள். வாய்க்குக் குறுக்கே அணை கட்டி, மழைநீர் நிரம்ப நிரம்ப உப்பு வெளியேறி நன்னீராக ஆனவை. கிராஞ்சி 1975, மரினா 2008. உள்ளே மாட்டிக்கொண்ட கழிமுக மீன்களில் தாங்க முடிந்தவை தங்கின, முடியாதவை போயின. ஆகவே "நீர்த்தேக்கத்தில் கிடைத்தது, அதனால் நன்னீர் மீன்" என்ற வாதம்கூட இங்கே அவ்வளவு உறுதியானதில்லை. ஆனால் ஒலிகாக்டிஸ் அணை கட்டாத ஓடைகளிலும் இருக்கிறது. அது போதும் எனக்கு.

ஏற்றியதைவிட மெதுவாக, மூன்று வாரம் எடுத்துக்கொண்டு உப்பை இறக்கினேன். நான்கு மாதம் உப்பில் இருந்தும் மீன் சாகவில்லை. இந்தக் கூட்டத்துக்கே தாங்கும் சக்தி அதிகம், அதுதான் நம்மைத் தப்பாக நம்பவும் வைக்கிறது. உப்பு இறங்கியபின் அது முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டது, பகலிலேயே வெளியே வந்தது. வயது வந்ததாலா, தண்ணீர் மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு மீன். மார்க்கர் எழுத்தை ஸ்பிரிட் தொட்டு அழித்தேன். புதிதாக எதையும் எழுதவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2015இல் திறந்த கட்டடம், அதற்குள் இருக்கும் சேகரிப்பின் வேர் பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் மூன்று பெரிய டைனசோர் எலும்புக்கூடுகள், எல்லோரும் அங்கேதான் நின்று படம் எடுக்கிறார்கள். நான் மீன் பகுதியில் நின்றேன். சாராயத்தில் ஊறிய மீன்கள் எல்லாமே ஒரே வெளிர்ப் பழுப்பாகி, உயிரோடு இருந்தபோது யாருக்கு மஞ்சள், யாருக்குச் சிவப்பு என்றே தெரியாமல் புட்டிகளில் நிற்கின்றன. என் மீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது உயிரோடும் அந்த நிறம்தான்.

இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. அதே பேரினத்தில் பலுதோசா என்று ஒன்று இருக்கிறது, 1940இல் ஹெர் வைத்த பெயர், சதுப்புக்குரியது என்று பொருள். செதிலும் கதிரும் எண்ணிப் பார்த்தால்தான் உறுதியாகப் பிரிக்க முடியும். அதற்கு மீன் அசையாமல் இருக்க வேண்டும், என் மீன் அசைந்துகொண்டே இருப்பதுதான் எனக்கு வசதி. அருங்காட்சியகத்தில் கொடுத்துக் கேட்கலாமே என்றாள் மனைவி. கேட்கலாம். எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி, புட்டியிலா பையிலா?

செப்டம்பரில் வாங்கிய இறால் பையின் மூலையில் இன்னும் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றின் கன்னத்தில் புழுக் கோடு பளிச்சென்று இருந்தது. ரைனோகோபியஸ், சந்தேகமே இல்லை. அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டேன். மற்றது பழுப்பு, சின்ன வாய், வயிறு கொஞ்சம் பருத்து. பெரியவன் இருந்த தொட்டியில் விட்டேன். அவன் தேங்காய்ச் சிரட்டைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்து, தலை மொத்தமும் பிளந்துவிடும்போல வாயைத் திறந்து காட்டினான். அவள் பயப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சிரட்டையின் உள்கூரையில் முட்டை. ஒவ்வொன்றும் ரவையைவிடச் சிறிது, பாய் விரித்த மாதிரி நெருக்கமாக. ஆண் அதற்குக் கீழே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தான், தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. முட்டை பொரிந்த இரவு விளக்கைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தபோது, தூசிபோல நூற்றுக்கணக்கில் மிதந்தன. கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. பெற்றவர்களைப் போல அடியில் உட்காராது, இந்த வயதில் இவை தண்ணீரோடு போகிற கூட்டம். இவற்றின் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிய தீனி என்னிடம் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்துவிட்டது.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் முட்டைப் படம் அனுப்பியிருந்தேன். பதில் குரல் செய்தியாக வந்தது. "உளுவை செனையாத்தான் இருக்கும் இந்த மாசத்துல. நான்தான் அப்பவே சொன்னேனே."